கூடையைக் கவிழ்க்கும் கொளஞ்சி

லோடு ஆட்டோவின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் கொளஞ்சி ஏற்றிவிடுகிறாள். வலப்பக்கத்துக் கண்ணாடி பாதியிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் உள்ளங்கையால் அழுத்தித் தள்ள வேண்டும். தள்ளுகிறாள். அப்படியும் ஒரு விரற்கடை இடைவெளி மிஞ்சுகிறது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அந்தச் சந்தில் செருகுகிறாள். வெளியே வீராம்பட்டினத்துக் கரை வெயிலில் காய்கிறது. உள்ளே ஐஸ் தண்ணீரும் மீன் கவிச்சியும் டீசல் வாடையும் சேர்ந்து மூச்சு முட்டுகிறது. அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. மடியிலிருந்து செல்போனை எடுத்து, கேமரா இருக்கிற இடத்தில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு, "சொல்லுங்க மேடம்" என்கிறாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

வியாழக்கிழமைதோறும் மீன் ஏலம் முடிந்ததும் இது நடக்கிறது. ஐஸ் கம்பெனிச் சுவரோரம் நிற்கும் அந்த வண்டிக்குள் கொளஞ்சி தூங்குகிறாள் என்று கரையில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேருக்கு அவளே ஒரு காரணம் சொல்லி வைத்திருக்கிறாள். "சுகர் டாக்டரம்மா. போன்லயே மாத்திர சொல்லுவாங்க." கொளஞ்சிக்குச் சுகர் கிடையாது. ஆனால் சுகர் என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அங்கே வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கிறது. மனசு சரியில்லை, அதற்குத் திருச்சியிலிருந்து ஒரு பெண் போனில் ஆறுதலும் யோசனையும் சொல்கிறாள் என்று சொல்ல வேண்டி வந்தால், கொளஞ்சி கரைக்கு வருவதையே நிறுத்திக்கொள்வாள். அவ்வளவு வெட்கம்.

அவள் ஏலக்காரி. படகு கரை தொட்டதும் மீனைக் குவித்து, விலை கூவி, மீன்காரிகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் ஏலம் விடுபவள். குரல் இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது, அலைச் சத்தத்தை அமுக்கிவிட்டு அந்தக் கோடியில் வலை உதறுகிறவனைத் திரும்பிப் பார்க்க வைக்கும். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, மேலே ஓர் ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டி, வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு நிற்பாள். "ஒருதரம்" என்னும்போது கூட்டத்தைப் பார்ப்பாள். "ரெண்டுதரம்" என்னும்போது கேட்டவளின் முகத்தைப் பார்ப்பாள். "மூணுதரம்" என்னும்போது யாரையும் பார்க்காமல் தன் தொடையில் ஒரு தட்டு. அந்தத் தட்டு விழுந்த பிறகு அப்பீல் கிடையாது.

கரையில் அவளுக்கு மரியாதை வந்தது குரலால் மட்டும் இல்லை. மற்ற ஏலக்காரிகள் கூடையோடு விடுவார்கள். மேலே பளபளவென்று நாலு சங்கரா, அடியில் நேற்றைய சரக்கு. கொளஞ்சி கூடையைக் கவிழ்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். மணலில் சரிந்த மீனைக் கால் கட்டைவிரலால் தள்ளி, அடியில் கிடப்பதை மேலே கொண்டுவந்து காட்டுவாள். "நல்லா பாத்துக்க. அப்பறம் ஏங்கிட்ட வந்து மூக்க பொத்திக்கினு நிக்கக் கூடாது" என்பாள். படகுக்காரர்கள் முணுமுணுத்தால், "இருக்கறத இருக்கறபடி காட்டுனா ஒனக்கு இன்னா நோவுது?" என்று ஒரே கேள்வியில் அடக்கிவிடுவாள்.

அந்தக் குரல் வீட்டுக்குப் போனாலும் இறங்காது. அடுப்படியில் உப்பு கேட்டால் தெருக்கோடியில் இருக்கிறவன் உப்பை எடுப்பான். மகன் முத்துவேலுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். மீன் ஏற்றிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். பழகாதவள் அவன் மனைவி அன்புசெல்வி. முதலியார்பேட்டைப் பெண், காலஞ்சென்ற மில் தொழிலாளியின் மகள், மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். இரண்டு பேரும் பார்த்துப் பேசிக் கட்டிக்கொண்டார்கள். கொளஞ்சி தடை சொல்லவில்லை. "மீனு ஆயத் தெரியாதவள கூட்டியாந்துட்டான் எம்புள்ள" என்று கரையெல்லாம் சொல்லிச் சிரித்தாள். பிறகு தானே மருமகளை உட்கார வைத்து, கிழங்கா மீனை வால் போகாமல் ஆயச் சொல்லிக் கொடுத்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அன்புசெல்வியின் வயிற்றில் வந்தது தங்காமல் போகிற வரைக்கும்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லித்தான் செல்போனில் கவுன்சலிங் பேச ஆரம்பித்தாள். வாரத்தில் ஒருநாள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தச் சாத்திய கதவைக் கண்டாலே கொளஞ்சிக்கு ஆகாது. காசு கொடுத்து அழுகிறாள் என்று கேலி பேசினாள். கதவு சாத்துகிற நேரம் பார்த்து மோட்டார் போடச் சொல்லிக் கத்துவாள். பாத்திரங்களைப் போட்டு உருட்டுவாள். ஒருநாள் கதவில் காதையே வைத்துவிட்டாள். உள்ளே அன்புசெல்வி சொல்லிக்கொண்டிருந்தாள்: "அத்த எதிர்ல அழுவக்கூட பயமா இருக்கு மேடம்."

சுருக்கென்று தைத்தது. தன் வீட்டில், தன் கூரைக்கடியில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத ஒருத்தியிடம் தன்னைப் பற்றிச் சொல்கிறாளே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அழுகிற பெண்ணுக்குத் தன்னைக் கண்டால் ஏன் பயம் என்று தோன்றவில்லை. அது தோன்ற வெகுநாள் ஆயிற்று.

மறுநாள் அன்புசெல்வி வழக்கம்போல மாமியாருக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது; கூட்டம் நல்ல சிரிப்பில் இருந்தது. கொளஞ்சி மருமகளின் கையைப் பிடித்து இழுத்து மீன் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். விளையாட்டுக்குத்தானே செய்தோம் என்று இன்றைக்கும் ஒரு மனசு அவளுக்குச் சொல்லிப் பார்க்கிறது. விளையாட்டு இல்லை என்று அவளுக்கே தெரியும்.

"இந்தா பாத்துக்க, மருமவ ஒண்ணு. வூட்டுல வாயத் தொறக்காது, போன்ல மட்டும் பேசும். பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குது. வயிறு காலி. யாரு கேக்கறீங்க?"

கூட்டம் சிரித்தது. வாய்க்கு வந்ததைப் பேசுகிற மீன்காரி அமிர்தவல்லி, "ஒரு கூறு காரப்பொடி மீனு தரேன்க்கா" என்று கேட்டாள். இன்னொருத்தி அதற்கு மேலே நண்டு ஓடு தருகிறேன் என்றாள். கொளஞ்சி ஒருதரம் சொன்னாள். ரெண்டுதரம் சொன்னபோது, முகத்தைப் பார்க்கிற பழக்கத்தில் மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. மூணுதரம் சொல்லித் தொடையில் தட்டிவிட்டாள்.

அன்புசெல்வி அழவில்லை. தூக்கை மணலில் சாயாமல் நேராக வைத்தாள். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலைத் தாண்டி ரோட்டில் ஏறி, டெம்போ பிடித்து அம்மா வீட்டுக்குப் போனாள். போனவள் போனவள்தான். அன்றைக்கு அந்தத் தூக்கில் இருந்த குழம்பும் சோறும் அப்படியே ஊசிப்போயிற்று.

கரைக்கு அதெல்லாம் இரண்டு நாள் பேச்சு. மூன்றாம் நாள் வேறு பேச்சு வந்துவிடும். கொளஞ்சிக்குத்தான் அது போகவில்லை. ஆடித் தேருக்கு வந்த வெளியூர்ச் சொந்தக்காரி ஒருத்தி, "மருமவள காணோம், பிரசவத்துக்கு அனுப்பிட்டியா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். கொளஞ்சி தேரைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள். அது ஆமாவா இல்லையா என்று கேட்டவளுக்கும் விளங்கியிருக்காது. அன்றைக்குச் சாமி கும்பிடக் கை தூக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. ஏலத்துக்கு நடுவே யாராவது சிரித்தால் உடம்பு கூசியது; கேட்ட விலை மறந்துபோயிற்று. முத்துவேல் பாதி நாள் முதலியார்பேட்டையில் இருந்தான், மீதி நாள் வீட்டில் முகம் கொடுக்காமல் இருந்தான். ஒருநாள் தட்டில் போட்ட சோறு காய்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, அம்மாவின் போனை வாங்கி அதில் ஒரு கவுன்சலிங் ஆப்பை ஏற்றினான். "நான் ஒண்ணியும் கேக்க மாட்டன். ஏங்கிட்ட சொல்லவும் வேணாம். அவங்ககிட்ட சொல்லு" என்றான். கொளஞ்சி ஆப்பைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். தான் எதைச் சொல்லிச் சிரித்தோமோ அதையே மகன் கையில் கொடுக்கிறான். "அன்புக்கு தெரியக் கூடாது. எந்தலையில அடிச்சி சத்தியம் பண்ணு" என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திருச்சியிலிருந்து பேசுகிற பெண்ணின் பெயர் ஜெயசித்ரா. நிதானமான ஆள். முதல் நாள் திரையில் தன் முகத்தைத் தானே பார்த்துக் கொளஞ்சி பயந்துபோனாள். சட்டென்று கட்டைவிரலால் கேமராவை அடைத்தாள். அதுவே வழக்கமாகிவிட்டது. ஜெயசித்ரா இத்தனை வாரமாகப் பார்த்துக்கொண்டிருப்பது செக்கச்செவேலென்று ஓர் இருட்டைத்தான். "பரவால்லம்மா, உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப கைய எடுங்க" என்று விட்டுவிட்டாள்.

பேசுவதென்னவோ கொளஞ்சி நிறையப் பேசுகிறாள். புருஷன் சுப்ரமணி செத்துப்போன பிறகு அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கரையில் நின்றதைச் சொன்னாள். பெண்பிள்ளை அழுதால் ஏறி மிதிப்பார்கள் என்று குரலை ஏற்றியதையும், ஏற்றியது பிறகு இறங்கவே இல்லை என்பதையும் சொன்னாள். அதைச் சொன்ன அன்றைக்கு வண்டிக்குள்ளேயே கொஞ்சம் அழுதாள், துண்டு கண்ணாடிச் சந்தில் இருந்ததால் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். ஆனால் மருமகள் பேச்சு வரும்போது மட்டும், "சின்ன வாய்த்தகராறு மேடம், கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போயிட்டா" என்று முடித்துக்கொள்வாள். ஏலம் விட்டதைச் சொல்லவில்லை.

ஜெயசித்ரா, பாவம், அந்தச் சின்ன வாய்த்தகராறுக்கு உண்டான யோசனைகளையே சொல்லிக்கொண்டிருந்தாள். நேரில் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள், அதை முன்னாலேயே சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள் என்றாள். கொளஞ்சி பழகினாள். "அன்பு, மனசுல வெச்சிக்காத" என்பதுதான் வாசகம். அவள் சொன்னதைக் கேட்டு ஜெயசித்ராவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, சண்டைக்குக் கூப்பிடற மாதிரி இருக்கும்மா" என்றாள். கொளஞ்சியும் சிரித்தாள். மேலே நாலு சங்கராவை அடுக்கிக் கூடையை நீட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு வியாழனும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று கண்ணாடியை ஏற்றுவாள். சொல்லாமலே இறக்குவாள்.

நேரில் போகவும் போனாள். கரையில் நல்ல கிழங்கா வந்தால், வால் போகாமல் ஆய்ந்து, பையில் போட்டுக்கொண்டு முதலியார்பேட்டைக்குப் போவாள். அன்புசெல்வியின் அம்மா வீட்டுக் கேட்டில் பையை மாட்டுவாள். கூப்பிட மாட்டாள். மாட்டிய வேகத்தில் திரும்பி நடந்து தெருமுனையில் நின்று பார்ப்பாள். கரையையே அதட்டுகிற பெண்பிள்ளை, திருட வந்தவள் மாதிரி கரண்ட் கம்பத்துக்குப் பின்னால் நிற்பாள். சில நாள் அந்தத் தெருப் பூனைகள் பையைச் சுற்றி வந்துவிடும்; தூர இருந்தே கையை வீசி வீசி விரட்டுவாள், சத்தம் போட முடியாதே. யாராவது வந்து பையை எடுத்ததும் பஸ் ஏறிவிடுவாள். எடுக்கிறவர் பெரும்பாலும் சம்பந்தியம்மா வசந்தாவாக இருக்கும். யார் மாட்டியது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வால் போகாமல் ஆய்ந்த கிழங்காவைப் பார்த்தால் அன்புசெல்விக்குத் தெரியாதா என்ன.

இந்த வியாழக்கிழமை படகுகள் தாமதமாக வந்தன. கிழங்கா நிறைய வந்திருந்தது. முத்துவேல் சரக்கோடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டதால் வண்டி இல்லை. பையை மாட்டிவிட்டுத் திரும்பி வந்து எங்காவது ஒதுங்கிப் பேசிக்கொள்ளலாம் என்று கொளஞ்சி கணக்குப் போட்டாள். கடலூர் ரோட்டு நெரிசலில் டெம்போ ஊர்ந்தது. அவள் கேட்டில் பையை மாட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் இடுப்பில் போன் அலறியது.

அவளுக்கு ஏற்ற போன்தான் அது. தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். பிடுங்கி எடுத்தாள். நிறுத்துவதற்குத் தேய்த்தாள். விரலெல்லாம் ஈரம், செதில். திரை கேட்கவில்லை. மறுபடி தேய்த்தாள். புடவையில் கையைத் துடைத்தால் புடவையிலும் ஈரம். கதவு திறந்தது. அன்புசெல்வி நின்றாள். இளைத்திருந்தாள்.

"கெழங்கா வந்துச்சி. அதான்" என்றாள் கொளஞ்சி.

"போன் அடிக்குது அத்த."

"சுகர் டாக்டரம்மா."

அன்புசெல்வி கேட்டைத் திறந்துகொண்டு வந்து போனை வாங்கினாள். தன் துப்பட்டாவால் திரையைத் துடைத்தாள். துடைத்தவள் பார்த்தாள். அவள் பேசுகிற அதே கவுன்சலிங் ஆப்பின் ஊதா நிறத் திரையும் அதில் வருகிற அடையாளமும் அவளுக்குத் தெரியாததா. கொளஞ்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பெண் இப்போது சிரித்தால் சிரிக்கட்டும், அதுதான் நியாயம் என்று நினைத்தாள்.

"எத்தினி நாளா?" என்று கேட்டாள் அன்புசெல்வி.

"தேரு முடிஞ்சதுலருந்து."

"உள்ள வாங்க. ரோட்ல நின்னு பேசற விசயமா இது?"

நடுக்கரையில் நூறு பேருக்கு முன்னால் தான் நிறுத்திவைத்த பெண், தன்னை ஆளில்லாத தெருவில்கூட நிற்க விடவில்லை. வெட்கம் கொளஞ்சியைப் பிடுங்கித் தின்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அறை சின்னது. ஜன்னலோரம் மேஜை, மேஜை மேல் போனை நிறுத்தி வைக்கிற பிளாஸ்டிக் தாங்கி, எதிரே ஒரு நாற்காலி. அன்புசெல்வி பேசுகிற இடம் இதுதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவள் போனைத் தாங்கியில் நிறுத்தி, மறுபடி அடித்த அழைப்பை எடுத்து, "ஒரு நிமிசம் மேடம், வந்துட்டாங்க" என்றாள். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மாமியாரின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவள் குரல் கேட்டது: "யம்மா, டிவிய நிறுத்து. அத்த பேசறாங்க."

"அவளுக்கு எதுக்குடி நான்..." என்று வசந்தா ஆரம்பித்தாள்.

"நிறுத்தும்மா."

டிவி நின்றது. காலடிச் சத்தம் சமையலறைப் பக்கம் போயிற்று. கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் காதை வைக்கவில்லை. வைத்தால் எப்படிச் சத்தம் வரும், பலகை எப்படி லேசாக அசையும் என்று கொளஞ்சிக்குத் தெரியும். மோட்டார் ஓடவில்லை. பாத்திரம் உருளவில்லை. வீடு முழுவதும் அவளுக்காக வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குத்தான்மா உங்க முகத்தப் பாக்கறேன்" என்றாள் ஜெயசித்ரா. அப்போதுதான் கொளஞ்சிக்குக் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது. மறைக்கப் போன கை பாதியில் நின்று மடியில் விழுந்தது.

"மேடம், நான் ஒங்களுக்கு மேல இருக்கறதத்தான் காட்டுனன்" என்றாள். "வாய்த்தகராறுலாம் ஒண்ணும் இல்ல. நான் அவள கரையில நிக்க வெச்சி..." என்று ஆரம்பித்தவளுக்குக் குரல் அமுங்கி அமுங்கி, கடைசியில் உதடு மட்டும்தான் அசைந்தது.

"சரியா கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமா சொல்றீங்களா?"

சத்தமாகச் சொல் என்று கொளஞ்சியிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை. சமையலறையில் குழாய் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அன்புசெல்வி மீனைக் கழுவுகிறாள். "இருங்க மேடம், வந்துடறன்" என்று கொளஞ்சி எழுந்தாள். போய்க் கதவைத் திறந்தாள். தானாகவே சாத்திக்கொள்கிற கதவு அது, விட்டதும் திரும்பி வந்தது. மேஜை மேலிருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு போய், சமையலறை வரைக்கும் கேட்கட்டும் என்று கதவைச் சுவரோடு அகலத் தள்ளி, அது மறுபடி சாத்திக்கொள்ளாதபடி சொம்பைத் தரையில் வைத்து முட்டுக் கொடுத்தாள்.